பூச்சு எப்படிக் கெடும் என்று முதலில் கேளுங்கள்

வெளியில் நிற்கும் மரத்துக்கு என்ன அடிக்கலாம் என்ற பேச்சு வந்தால், அடுத்த கேள்வி பெரும்பாலும் "எது ரொம்ப நாள் தாங்கும்?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: அந்தப் பூச்சு கெடும்போது எப்படிக் கெடும்?

வெயிலும் மழையும் படுகிற இடத்தில் எல்லாப் பூச்சும் ஒருநாள் கெடத்தான் போகிறது. சில பூச்சுகள் மேலிருந்து மெல்லத் தேய்ந்து பொடியாக உதிரும். தூசியைத் தட்டிவிட்டு அதன் மேலேயே இன்னொரு கை அடித்துவிடலாம். வேறு சில தோலாக உரியும். உரிந்த இடத்தில் தண்ணீர் உள்ளே போகும், உரியாத இடம் அந்தத் தண்ணீரை வெளியே விடாது. மறுபடி அடிக்க வேண்டுமானால் முழுவதையும் சுரண்டி, தேய்த்து, அந்த பிளாஸ்டிக் தூளை எங்காவது கொட்டிவிட்டு பிரைமரிலிருந்து தொடங்க வேண்டும். டப்பாவின் மேல் பச்சை இலை படம் இருக்கிறதா இல்லையா என்பதைவிட இந்த வேறுபாடு பெரிது. முப்பது ஆண்டுக் கணக்கில் எவ்வளவு பெயிண்ட், எவ்வளவு கரைப்பான், எத்தனை முறை மரத்தையே மாற்றினோம் என்று கூட்டிப் பார்த்தால்தான் எது சூழலுக்கு உகந்தது என்று தெரியும்.

வெயில் செய்வது வேறு, பூஞ்சை செய்வது வேறு

வெளியில் கிடக்கும் மரம் சாம்பல் நிறமானால் அது இற்றுப்போகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. அது வெயிலின் வேலை. புற ஊதாக் கதிர் மரத்துக்குள் சுமார் 75 மைக்ரான் ஆழம்தான் போகும், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த மெல்லிய அடுக்கில், நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னினை அது உடைக்கிறது. உடைந்த லிக்னினை மழை கழுவிக்கொண்டு போகிறது. மிஞ்சுவது வெளிறிய செல்லுலோஸ் நார், அதன்மேல் படியும் கறுப்புப் பூஞ்சைப் புள்ளிகள். இரண்டும் சேர்ந்ததுதான் அந்தச் சாம்பல் நிறம். பைன் போன்ற மென்மரப் பலகை இப்படித் தேய்வது நூறு ஆண்டுக்கு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர். அழகு போகும், வலு போகாது.

இற்றுப்போவது ஈரத்தின் வேலை. மரத்திலுள்ள தண்ணீர் அதன் உலர்ந்த எடையில் 28 முதல் 30 சதவீதத்தைத் தாண்டினால் அதன் செல் சுவர்கள் நிறைந்துவிடும். அதற்கு மேல் வரும் தண்ணீர் செல்களின் உள்வெளியில் தேங்கும். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு வேண்டியது அந்த நிலைதான். 20 சதவீதத்துக்குக் கீழே வைத்திருந்தால் அது வளராது. அந்த எட்டுப் பத்து சதவீத இடைவெளியைப் பாதுகாப்புக்கான ஓரமாக வைத்துக்கொள்ளலாம். பழுப்பு நிறமாகி, குறுக்கும் நெடுக்குமாக வெடித்து, சதுரத் துண்டுகளாக உடைந்தால் செல்லுலோஸைத் தின்னும் வகை. வெளுத்து நார்நாராகப் பிரிந்தால் லிக்னினையும் சேர்த்துத் தின்னும் வகை. எதுவானாலும் மருந்து ஒன்றே: ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்வது.

பூச்சுக்கு இரண்டு வேலை என்றாகிறது. வெயிலை மேல்தோலில் தடுக்க வேண்டும். மழைநீர் உள்ளே போவதைக் குறைத்து, போன ஈரம் ஆவியாக வெளியேற வழி விட வேண்டும். இரண்டாவதை மறந்து முதலாவதை மட்டும் செய்கிற பூச்சுதான் பெரும்பாலான சேதத்துக்குக் காரணம்.

டப்பாவைத் திறக்கும் முன்

தண்ணீர் தேங்கும்படி செய்த வேலையை எந்தப் பூச்சும் காப்பாற்றாது. கிடைமட்டமாக இருக்கும் பலகையின் மேற்பரப்புக்குக் கொஞ்சம் சரிவு கொடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பலகையின் அடிப்பக்கத்தில், விளிம்பை ஒட்டி ஒரு சிறிய பள்ளக்கோடு இழைத்துவிட்டால் தண்ணீர் சுவரைத் தொடாமல் அங்கேயே சொட்டிவிடும். மரத்தின் கால் தரையைத் தொடக் கூடாது. மழை தெறிக்கும் உயரமான 15–20 சென்டிமீட்டராவது மேலே நிற்க வேண்டும். மண்ணுக்குள் புதைக்கும் மரத்துக்கு மேல்பூச்சு அடிப்பது வீண் வேலை. அங்கே வைரம் பாய்ந்த நல்ல மரமோ அழுத்தத்தில் மருந்தேற்றிய மரமோதான் நிற்கும்.

வைரம் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தேக்கின் வைரப் பகுதி, அதாவது நடுவிலுள்ள கருத்த பகுதி, பூச்சே இல்லாமல் பல பத்தாண்டுகள் நிற்கும். அதே தேக்கின் வெளிப்புற வெள்ளைப் பகுதி சீக்கிரம் போய்விடும். மரத்தின் பெயரை மட்டும் கேட்டு வாங்கி, பலகையின் ஓரத்தில் வெள்ளை இருப்பதைக் கவனிக்காமல் விட்டால் பூச்சின் மேல் பழி போடுவதில் பொருளில்லை.

மரம் தண்ணீர் குடிப்பது பெரும்பாலும் அகலப் பக்கத்தில் அல்ல, வெட்டுமுனையில். அங்கே மரத்தின் குழாய்கள் எல்லாம் வாய் திறந்து நிற்கின்றன. ஒரு கட்டு வைக்கோலை நிறுத்தி வைத்து மேலே தண்ணீர் ஊற்றுவது போலத்தான். தூணின் உச்சி, பலகையின் இரு முனை, திருகுக்காகப் போட்ட துளை, மூட்டுக்காக உளியால் எடுத்த குழி ஆகிய எல்லாமே வெட்டுமுனைதான். பொருத்துவதற்கு முன்பே இவற்றுக்கு எண்ணெயோ பிரைமரோ கொடுக்க வேண்டும். ஒரு கை போதாது. குடிப்பது நிற்கும்வரை, முந்தையது காயும் முன்பே அடுத்தடுத்து மூன்று நான்கு கை. பொருத்திய பிறகு அந்த இடங்களுக்கு பிரஷ் போகாது.

கூர்மையான விளிம்பில் எந்தப் பூச்சும் நிற்காது, வழிந்து மெலிந்துவிடும். 2–3 மில்லிமீட்டர் ஆரத்துக்கு விளிம்பை உருட்டிவிடுங்கள். உப்புத்தாளால் இரண்டு நிமிட வேலை, ஆனால் பூச்சு முதலில் வெடிப்பது எப்போதும் அங்கேதான்.

மேற்பரப்பைக் கண்ணாடி போல இழைக்க வேண்டியதில்லை. 80 முதல் 120 எண் உப்புத்தாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அறுத்தபடியே, இழைக்காமல் விட்ட பலகை இழைத்த பலகையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பூச்சைக் குடிக்கும், அதனால் அதிக ஆண்டுகள் தாங்கும். கைபடாத சுவர்ப்பலகைக்கும் வேலிக்கும் அறுத்த முகமே மேல். புதிதாக இழைத்த மரத்தை வெயிலில் நிறுத்திவிட்டு அடுத்த மாதம் அடிக்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். சில வாரம் வெயில் பட்டாலே மேல்நார் தளர்ந்துவிடும். அதன் மேல் அடித்த பெயிண்ட் பிடிப்பது மரத்தை அல்ல, உதிரப்போகும் நாரை. தள்ளிப்போய்விட்டால் அடிக்கும் முன் ஒருமுறை தேய்த்துவிட வேண்டும்.

அடிக்கும்போது ஈரம் 15–18 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஈரமானி இல்லையென்றால் அதே மரத்தில் ஒரு சிறு துண்டை எடை போடுங்கள். பிறகு 103 டிகிரி செல்சியஸில், எடை மேலும் குறையாமல் நிற்கும்வரை அடுப்பில் உலர்த்தி மறுபடி எடை போடுங்கள். முன்பு 118 கிராம், பின்பு 100 கிராம் என்றால் ஈரம் 18 சதவீதம். துண்டைப் பலகையின் முனையில் வெட்டாமல் நடுவிலிருந்து எடுங்கள். முனை எப்போதும் மற்ற இடத்தைவிடக் காய்ந்திருக்கும், கணக்கு ஏமாற்றிவிடும்.

எண்ணெய் எல்லாம் பூச்சு ஆகாது

வீட்டில் இருக்கும் எண்ணெயைத் தடவினால் போதாதா என்ற கேள்விக்கு அயோடின் மதிப்பு என்ற ஒரே எண் பதில் சொல்லிவிடும். எண்ணெயில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரக்கூடிய இரட்டைப் பிணைப்புகள் எவ்வளவு உள்ளன என்பதை அது காட்டுகிறது. ஆளி விதை எண்ணெய்க்கு 170–200. டங் மரக் கொட்டையிலிருந்து எடுக்கும் டங் எண்ணெய்க்கு ஏறக்குறைய 160–175. சூரியகாந்திக்கு 110–140. நல்லெண்ணெய்க்கு நூறு நூற்றிருபது. விளக்கெண்ணெய்க்கு 82–90. வேப்பெண்ணெய்க்கு 65–80. தேங்காய் எண்ணெய்க்கு 6–11. ஏறக்குறைய 130-க்கு மேல் உள்ளவைதான் காற்றில் இறுகித் திடமாகும். தேங்காய் எண்ணெயும் வேப்பெண்ணெயும் என்றைக்கும் இறுகா. மரத்தில் ஈரமாகவே இருந்து, தூசியை ஒட்டிக்கொண்டு, மழையில் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். பின்னால் வேறு பூச்சு அடிக்கப் பார்த்தால் அதுவும் பிடிக்காது. வேப்பெண்ணெய் சில பூச்சிகளை விலக்கலாம், ஆனால் அது மேல்பூச்சு அல்ல.

அதனால் ஆளி விதை எண்ணெய், இல்லையென்றால் டங். பச்சை, அதாவது காய்ச்சாத, ஆளி விதை எண்ணெய் நன்றாக ஊறும், ஆனால் இறுகப் பல நாள், சில சமயம் வாரங்கள் எடுக்கும். கொதித்த எண்ணெய் என்று விற்பதில் பெரும்பாலும் உலோக உலர்த்திகள் கலந்திருப்பார்கள். அதனால் ஒரு நாளில் தொடும் அளவுக்குக் காயும். அந்த உலர்த்தி கோபால்டா மாங்கனீசா என்று லேபிளில் பாருங்கள். கோபால்ட் உப்புகள் உடல்நலத்துக்குக் கேடானவை என்பதால் மாங்கனீசு, இரும்பு சார்ந்தவை அவற்றின் இடத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. டங் எண்ணெய் ஆளியைவிடத் தண்ணீரை நன்றாகத் தாங்கும், மஞ்சளாவதும் குறைவு. ஆனால் தடிமனாக விட்டால் சுருங்கி மங்கிப்போகும்.

அடிக்கும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். எண்ணெய்ப் பாத்திரத்தைச் சுடுநீரில் வைத்து 50–60 டிகிரிக்குச் சூடாக்குங்கள். நேரடித் தீயில் வைக்கவே கூடாது. சூடான எண்ணெய் இளகி ஆழமாக இறங்கும், கரைப்பான் தேவைப்படாது. நிழலில், தாராளமாகத் தடவி 20–30 நிமிடம் விடுங்கள். குடித்துவிட்ட இடத்தில் இன்னும் கொஞ்சம் தடவுங்கள். பிறகு மேலே மிச்சமிருப்பதை ஒரு சொட்டுகூட விடாமல் துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். இந்தத் துடைப்பில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். நிறைய இருந்தால் நன்றாகப் பாதுகாக்கும் என்று விட்டால், மேல்தோல் இறுகி, உள்ளே ஆக்சிஜன் போகாமல் மாதக்கணக்கில் பிசுபிசுவென்று நிற்கும். அடுத்த கை ஒன்று முதல் மூன்று நாள் கழித்து, விரல் ஒட்டாத பிறகு. மூன்று கை போதும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் இடைவெளியை இரண்டு மடங்காக்குங்கள். இழைத்த மரத்தில் முதல் கைக்கு லிட்டருக்கு எட்டுப் பத்து சதுர மீட்டர் வரும், பின்னால் பதினைந்து வரை. அறுத்த மரத்தில் இதில் பாதிதான்.

துடைத்த துணியை உருட்டி மூலையில் போட்டால் தீப்பிடிக்கும். இது பயமுறுத்தல் அல்ல. எண்ணெய் இறுகும்போது வெப்பம் வெளிவருகிறது. சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பத்துக்கு வெளியேற வழியில்லை, சில மணி நேரத்தில் தானாகப் பற்றிக்கொள்ளும். துணியைத் திறந்த வெளியில் ஒற்றை அடுக்காக விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் வையுங்கள். உலர்த்தி கலந்த எண்ணெயில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். மரத்தூளில் எண்ணெய் சிந்தினாலும் இதே கதைதான்.

ஆளி விதை எண்ணெயின் பெரிய குறை, அது பூஞ்சைக்கு உணவு. ஈரமும் நிழலும் சேர்ந்த இடத்தில் எண்ணெய் மட்டும் அடித்த மரம் ஒரு மழைக்காலத்தில் கறுத்துவிடும். இது மரத்தை அரிக்கும் பூஞ்சை அல்ல, மேலே படரும் வகை. ஆனாலும் பார்க்கச் சகிக்காது. துத்தநாக ஆக்சைடு கலந்த ஆளி எண்ணெய்ப் பெயிண்ட் இதைக் கணிசமாகக் குறைக்கும். ஆனால் அந்தத் துத்தநாகம் நீர்வாழ் உயிர்களுக்குத் தீங்கு, பிரஷ் கழுவிய கழிவை வாய்க்காலில் விடக் கூடாது.

தேக்கு, ஈட்டி போன்ற மரங்களில் இயல்பாகவே இருக்கும் எண்ணெய்ப் பொருள்கள் பூச்சு இறுகுவதைத் தாமதப்படுத்தும், பிடிப்பையும் குறைக்கும். அடிக்கும் முன் ஆல்கஹாலோ அசிட்டோனோ நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியான உடனே அடிக்க வேண்டும். என்னைக் கேட்டால், வெளியில் நிற்கும் தேக்கு வைரத்துக்கு எதுவும் அடிக்காமல் சாம்பலாக விட்டுவிடுவதே மேல்.

தெளிவான பூச்சு என்ற ஆசை

மரத்தின் ரேகை தெரிய வேண்டும், மேலே கண்ணாடி போல மின்ன வேண்டும், வெளியிலும் நிற்க வேண்டும் என்றால் மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது. தெளிவான வார்னிஷ் வழியாக ஒளி உள்ளே போகிறது, அடியிலிருக்கும் லிக்னினை உடைக்கிறது, வார்னிஷ் நன்றாக இருக்கும்போதே அது பிடித்திருந்த தளம் நழுவிவிடுகிறது. புற ஊதா உறிஞ்சிகள் கலந்தவை கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். நிறமில்லாத வார்னிஷ் நேரடி வெயிலில் இரண்டு மூன்று ஆண்டு நின்றால் பெரிது. பிறகு வெள்ளை வெள்ளையாகத் தோல் எழும்பும்.

வெயிலை உண்மையில் தடுப்பது நிறமி. மஞ்சள் காவி, செங்காவி போன்ற இரும்பு ஆக்சைடுகளில் புற ஊதா ஊடுருவாது, அவை நூற்றாண்டு ஆனாலும் வெளுக்காது, நச்சும் இல்லை. எண்ணெயில் சிறிதளவு காவி கலந்தாலே அரைத்தெளிவான பூச்சு கிடைக்கும்: ரேகை தெரியும், ஆயுள் இரண்டு முதல் நான்கு ஆண்டு, அறுத்த மரத்தில் அதற்கும் மேல். முழுவதும் மறைக்கும் ஆளி எண்ணெய்ப் பெயிண்ட் என்றால் எட்டுப் பத்து ஆண்டுவரை எதிர்பார்க்கலாம். கடுமையான வெயிலில் இந்த எண்களை நிச்சயம் குறைத்துக்கொள்ளுங்கள். கரும் நிறம் வெயிலில் அதிகம் சூடேறி மரத்தை வெடிக்கவைக்கும், பைன் வகையில் பிசினையும் கசியவைக்கும் என்பதால் நடுத்தர நிறமே நல்லது.

ஆளி எண்ணெய்ப் பெயிண்டை மற்றப் பெயிண்ட் போல அடித்தால் கெடும். ஒரு லிட்டருக்கு 15 சதுர மீட்டராவது வரும்படி மெல்லியதாக, குட்டையான விறைப்பான பிரஷால் தேய்த்துத் தேய்த்துப் பரப்ப வேண்டும். முதல் கையில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் சேர்த்து இளக்குங்கள்; இரண்டாவது, மூன்றாவது கை அப்படியே. தடிமனாக அடித்தால் மேலே சுருக்கம் விழும். சுருக்கம் விழுந்த பெயிண்ட் இறுகும்வரை காத்திருந்து தேய்த்து எடுப்பதைத் தவிர வழியில்லை. ஆண்டுகள் போன பிறகு இது மேலே பொடியாகும். கையில் ஒட்டும் அந்தப் பொடியைத் துடைத்துவிட்டு ஒரு கை எண்ணெய் தடவினாலே நிறமும் பிணைப்பும் திரும்பிவிடும்.

மாவும் காவியும் அன்னபேதியும்

எனக்கு மிகப் பிடித்த பூச்சு இதுதான், மலிவு என்பதால் மட்டுமல்ல. ஸ்வீடனில் ஃபாலுன் செப்புச் சுரங்கக் கழிவிலிருந்து எடுத்த சிவப்பு நிறமியை மாவுக் கஞ்சியில் காய்ச்சி மரவீடுகளுக்கு அடிப்பது பல நூற்றாண்டு வழக்கம். சுரங்கம் 1992-இல் மூடப்பட்டது, பூச்சு இன்னும் இருக்கிறது. பின்லாந்திலும் இதே முறை உண்டு.

பத்து லிட்டர் தண்ணீருக்கு: அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட், 400 கிராம்; ரை மாவு 650 கிராம், கோதுமை மாவும் ஆகும்; செங்காவிப் பொடி 1.6 கிலோ. மாவைக் கொஞ்சம் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து வையுங்கள். மீதித் தண்ணீரைக் கொதிக்கவைத்து அன்னபேதியைக் கரையுங்கள். மாவுக் கரைசலை ஊற்றிக் கிளறியபடி 15 நிமிடத்துக்குக் குறையாமல் காய்ச்சுங்கள். பிறகு காவியைச் சிறிது சிறிதாகத் தூவி இன்னொரு 15 நிமிடம். ஆறியதும் பிரஷில் இருந்து வழியாமல் பிடிக்கும் பதம் வர வேண்டும்; கெட்டியானால் வெந்நீர் சேர்க்கலாம். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், அன்னபேதி அரிக்கும். சமையலுக்குப் பயன்படும் எந்தப் பாத்திரமும் வேண்டாம்.

மாவுதான் பசை. அன்னபேதி அந்த மாவைப் பூஞ்சை தின்னாமல் காக்கிறது. காவி வெயிலைத் தடுக்கிறது. ஆவியாகிக் காற்றில் கலப்பது வெறும் தண்ணீர். இதில் தோல் என்பதே கிடையாது. மரத்தின் ஈரம் தடையின்றி வெளியேறும். அதனால் உரியவும் முடியாது, தேயத்தான் முடியும். அறுத்த, இதுவரை எந்தப் பெயிண்டும் படாத மரத்துக்கு மட்டுமே இது பிடிக்கும். லிட்டருக்கு மூன்று நான்கு சதுர மீட்டர், இரண்டு கை. மறுபடி அடிக்கும்போது விறைப்பான பிரஷால் உதிரியைத் தட்டிவிட்டால் போதும்.

குறைகள்: சாய்ந்தால் துணியில் ஒட்டும், எனவே கைப்பிடிக்கும் இருக்கைக்கும் ஆகாது. மழை நேராக அறையும் பக்கம் சீக்கிரம் கழுவிப்போகும். டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுந்த ஓக் போன்ற மரத்தில் இரும்பு சேர்ந்து கறுக்கும். காய்ச்சியதைச் சில நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும், வைத்திருந்தால் புளித்து நாறும்.

மரத்தைச் சாம்பல் நிறமாகவே விட விரும்புகிறவர்களுக்கும் அன்னபேதி உதவும். பத்து லிட்டர் தண்ணீரில் அரை கிலோ கரைத்து ஒரு கை அடித்தால், வெயில் படும் சுவரும் படாத சுவரும் சில மாதத்தில் ஒரே மாதிரிச் சாம்பலாகும். தண்ணீரை இது தடுக்காது, நிறத்தைச் சமப்படுத்தும், அவ்வளவே. அருகிலுள்ள கல், சிமெண்டுத் தரையை மூடிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். துருக்கறை பிடித்தால் போகாது.

தாரும் முந்திரி ஓட்டுப் பாலும்

பைன் வேரையும் அடிக்கட்டையையும் காற்றில்லாமல் சூடாக்கி வடிக்கும் தார்தான் நார்வேயின் பழைய மரத் தேவாலயங்களை எண்ணூறு ஆண்டுக்கு மேலாகக் காத்து வருகிறது. திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருப்பதால்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பைன் தார், ஆளி எண்ணெய், டர்பன்டைன் மூன்றும் சம பங்கு என்பது படகுகளுக்கும் வேலிகளுக்கும் பழகிய கலவை. சூடான நாளில் மெல்லியதாக அடியுங்கள். வாசனை வாரக்கணக்கில் நிற்கும், வெயிலில் இளகும். நிலக்கரியிலிருந்து வரும் கிரியோசோட்டோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள், வீட்டுப் பயன்பாட்டுக்கு உரியதல்ல.

முந்திரி ஓட்டிலிருந்து வடியும் கரும் திரவமும் மரப்படகுகளுக்குப் பூசப்பட்டு வந்ததுதான். அதிலுள்ள பீனால் வகைப் பொருள்கள் பூஞ்சையையும் பூச்சிகளையும் தடுக்கின்றன, காற்றிலும் சூட்டிலும் இறுகவும் செய்கின்றன. ஆனால் தோலில் பட்டால் புண்ணாகும். கையுறை, முழுக்கை சட்டை, கண்ணாடி இல்லாமல் தொடக் கூடாது. காய்ந்த பிறகும் கறுப்பாகத்தான் இருக்கும்.

இயற்கை என்றால் ஆவியாகாது என்றில்லை

டர்பன்டைன் மரத்திலிருந்து வருகிறது, சரி. முழுவதும் ஆவியாகிக் காற்றில் கலக்கிறது, அதுவும் சரி. எண்ணெயோடு பாதிக்குப் பாதி கலந்தால் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 430 கிராம் ஆவியாகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004/42 நெறிமுறை, மர ஸ்டெயின், வார்னிஷ் வகைக்கு 2010 முதல் வைத்திருக்கும் வரம்பு, கரைப்பான் சார்ந்தவைக்கு லிட்டருக்கு 400 கிராம், நீர் சார்ந்தவைக்கு 130 கிராம். அதாவது வீட்டில் கலக்கும் "இயற்கை" எண்ணெய் அந்த வரம்பையே தாண்டிவிடுகிறது. சூடாக்கி ஊறவைப்பதைத்தான் நான் விரும்புவேன்.

நீர் சார்ந்த அக்ரிலிக் பூச்சுகளை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. கரைப்பான் குறைவு, வளையும் தன்மை உண்டு, ஆவியையும் ஓரளவு விடும். ஜன்னல் சட்டம், கதவு போல மரம் அதிகம் அசையக் கூடாத இடத்தில் நல்ல அக்ரிலிக் பொருத்தமானதுதான். ஆனால் அது பிளாஸ்டிக் படலம். தடிமன் கூடக் கூட உரியும் குணம் வரும். படலத்தைக் காக்கக் கலக்கும் பூஞ்சைக்கொல்லி மழையில் கழுவி மண்ணுக்குப் போகும். கைமேல் கையாக அடித்துக்கொண்டே போகாமல், பளபளப்பு மங்கியதும், வெடிக்கும் முன்னரே லேசாகத் தேய்த்து ஒரே ஒரு கை அடித்தால் சுரண்டும் நாளைத் தள்ளிப்போடலாம். மெழுகு வெளிவேலைக்கே வேண்டாம்.

பூஞ்சைக்கும் கரையானுக்கும் அடியில் ஒன்று

மேலே சொன்ன பூச்சுகளை மட்டும் நம்பிக் கரையானை நிறுத்த முடியாது. வெள்ளை மிகுந்த மரத்துக்கு அடியில் போரேட், அதாவது போரான் உப்பு, கொடுப்பது பயன் தரும். 9 லிட்டர் வெந்நீரில் 600 கிராம் வெண்காரம், 400 கிராம் போரிக் அமிலம் இரண்டையும் சேர்த்துக் கரையுங்கள். தனித்தனியாகக் கரைவதைவிடச் சேர்ந்தால் நன்றாகக் கரையும். இரண்டு மூன்று கை நனைய அடித்து, பிளாஸ்டிக் தாளால் ஒரு வாரம் மூடி வையுங்கள். போரான் ஈரத்தின் வழியாகத்தான் உள்ளே பரவும்; உடனே காய்ந்துவிட்டால் மேலேயே நின்றுவிடும். பிறகு நன்றாகக் காயவைத்து, வெள்ளையாகப் பூத்த உப்பைத் துடைத்து, மேல்பூச்சு அடியுங்கள். மேல்பூச்சு இல்லாமல் மழையில் நிறுத்தினால் போட்டது எல்லாம் கழுவிப் போய்விடும்.

போரேட் மற்ற மருந்துகளைவிட மென்மையானது, ஆபத்தே இல்லாதது அல்ல. இனப்பெருக்கத்துக்குக் கேடானது என்று ஐரோப்பாவில் போரிக் அமிலம் வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. கர்ப்பிணிகள் தொட வேண்டாம். மிச்சத்தைச் செடிக்கு ஊற்றினால் செடி கருகும்.

பழைய மரத்தை மறுபடி பயன்படுத்துகிறவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். பச்சை சாயல் உள்ள, மருந்தேற்றிய பழைய பலகையில் ஆர்செனிக் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அதை ஏற்றுவது 2003 முடிவோடு நின்றது. அதை எரித்தால் ஆர்செனிக் சாம்பலில் தங்கிவிடும், புகையிலும் போகும். பல அடுக்குப் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். சோதனை செய்யாமல் உலர்வாகத் தேய்க்காதீர்கள்.

கெட்டதைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்க

கொப்புளம் வந்தால் கத்தியால் அறுத்துப் பாருங்கள். அடியில் வெறும் மரம் தெரிந்தால் காரணம் ஈரம்: பின்பக்கத்திலிருந்தோ மூட்டிலிருந்தோ தண்ணீர் வருகிறது, அதை அடைக்காமல் மேலே எத்தனை கை அடித்தாலும் பயனில்லை. அடியில் முந்தைய கை பெயிண்ட் தெரிந்தால் காரணம் சூடு: வெயில் நேரே அடிக்கும்போது பூசியிருக்கிறார்கள். அடுத்தமுறை நிழல் நகர்வதைப் பின்தொடர்ந்து அடிக்க வேண்டும்.

கறுப்புப் புள்ளி அழுக்கா பூஞ்சையா என்று தெரியாவிட்டால் ஒரு சொட்டு பிளீச் வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் வெளுத்தால் பூஞ்சை. முழுவதையும் கழுவ பிளீச் வேண்டாம், நாரைத் தின்றுவிடும். சோடியம் பெர்கார்பனேட் லிட்டருக்கு 60 கிராம், வெதுவெதுப்பான நீரில் கலந்து, 15 நிமிடம் ஈரமாகவே வைத்திருந்து மென்மையான பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். ஆணியைச் சுற்றி நீலக்கறுப்பாகக் கறை இருந்தால் அது இரும்பும் டானினும் சேர்ந்தது. ஆக்சாலிக் அமிலம் லிட்டருக்கு 50 கிராம் கரைத்துத் தடவி, நன்றாகக் கழுவினால் போகும். ஆணியைத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றாவிட்டால் திரும்ப வரும். ஆக்சாலிக் அமிலம் நச்சு, கையுறை போடுங்கள், பிளீச்சோடு ஒருபோதும் கலக்காதீர்கள். அழுத்த நீர்ப்பீச்சியை மரத்தின் பக்கமே கொண்டு வராதீர்கள். மென்பகுதியைத் தோண்டி, ஈரத்தை மூட்டுக்குள் செலுத்திவிடும்.

எண்ணெயின் பிசுபிசுப்பு போகவில்லையென்றால், புதிதாக இருக்கும்போது டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்தெடுக்கலாம். மாதங்கள் ஆகிவிட்டால் சுரண்டத்தான் வேண்டும்.

அழுகல் சந்தேகம் உள்ள இடத்தில் திருப்புளி முனையால் குத்திப் பாருங்கள். வெட்டுமுனை, மூட்டு, தரையை ஒட்டிய கால் ஆகிய மூன்றையும் பார்த்தால் பெரும்பாலும் போதும். எளிதாக இறங்கினால் பஞ்சுபோன்ற பகுதியோடு, அதைத் தாண்டி நல்ல மரத்திலும் கொஞ்சம் சேர்த்து வெட்டி எடுங்கள். பூஞ்சையின் இழை கண்ணுக்குத் தெரிவதைவிட நீளமாகப் போயிருக்கும்.

எண்ணெய் அடித்த மரத்துக்கு எப்போது மறுகை என்று நாள்காட்டி பார்க்க வேண்டாம். மழை படும் பக்கத்தில் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் விட்டுவிடலாம். ஒரு நிமிடத்துக்குள் பரவி இருண்டால் அடிக்கும் நேரம். மேற்குப் பக்கமும் மேல்முகமும் முதலில் கேட்கும், நிழல் சுவர் இரண்டு மூன்று முறைக்கு ஒருமுறைதான் கேட்கும். எல்லாவற்றுக்கும் சேர்த்து அடித்தால் நிழல் பக்கம் பிசுபிசுக்கும். மிச்சமான எண்ணெயைப் பாதி காலியான டப்பாவில் வைத்தால் உள்ளே இருக்கும் காற்றிலேயே தோல் கட்டிவிடும். சிறிய பாட்டிலுக்கு மாற்றுங்கள், அல்லது கண்ணாடிக் கோலிகளைப் போட்டு மட்டத்தை விளிம்புவரை உயர்த்தி இறுக மூடுங்கள். தோல் கட்டிவிட்டால் கலக்காமல் முழுதாக எடுத்துவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டிப் பயன்படுத்தலாம். வடிகட்டிய துணியையும் விரித்தே காய வையுங்கள்.